பழைய மாதிரிப் புகையிரத இயந்திரங்கள்: இனங்காணலும் செப்பனிடலும்

பழம்பொருள் ஒன்று கைக்கு வந்தவிடத்து நம்மவருட் பெரும்பாலார் செய்வன இரண்டு. ஒன்று, பயனற்றதெனக் கழித்துவிடுதல். மற்றொன்று, புதியது போலத் தோன்றுமாறு துலக்கி வண்ணம் பூசி வைத்தல். இவ்விரண்டினாலும் அப்பொருள் தன்னைப்பற்றிச் சொல்லக்கூடிய செய்தி அழிந்துபடுகின்றது. இக்கருத்தினை விளையாட்டுப் பொருள் ஒன்றன் வாயிலாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியர்க்கு இயந்திரங்களோடு யாது தொடர்பு என அன்பர் சிலர் வினவுதல் கூடும். கல்லூரியின் பொழுதுபோக்குக் கழகம் எம் பொறுப்பில் விடப்பட்டமையே முதற் காரணம். இரண்டாவது காரணமும் உண்டு. வடபுலத்துக்கு வந்துகொண்டிருந்த புகையிரதம் 1990ஆம் ஆண்டில் நின்றது. தண்டவாளங்களும் அவற்றைத் தாங்கிய கட்டைகளும் பெயர்க்கப்பட்டன. மீண்டும் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வந்தது 2014 ஒக்டோபரிலே தான். ஆகவே, யாம் மாணவராயிருந்த காலம் முழுவதும் புகையிரதம் என்பது பாடநூற் படமாகவும் முதியோர் வாய்க் கதையாகவுமே இருந்தது. அவ்வாறு வளர்ந்தவர்க்கு உள்ளங்கையில் அடங்கும் புகையிரத இயந்திரத்தின்மீதும் ஓர் ஆசை இருத்தல் இயல்பே.

நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் மறைந்தபின், அவருடைய மகனார் ஒரு பிஸ்கற் தகரப் பேணியைக் கழகத்துக்கு அன்பளிப்பாக அனுப்பிவைத்தார். அதனுள் மாதிரி இயந்திரங்கள் மூன்று இருந்தன. அவற்றுள் அழகு வாய்ந்த கரிய இயந்திரம் ஒன்றைக் குறித்து, “இது 1938ஆம் ஆண்டில் எம் பாட்டனார் எம் தந்தையாருக்கு வாங்கிக் கொடுத்தது” என்று ஒரு கடிதமும் உடன் வந்தது. யூபிலிக் கண்காட்சியில் அம்மூன்றையும் வைத்தல் வேண்டும், அவற்றின் விவரத்தைச் சீட்டில் எழுதுதல் வேண்டும் என்பது எமக்கு இடப்பட்ட பணி.

மாதிரி இயந்திரங்கள் தோன்றிய வாறு

விளையாட்டுப் புகையிரதம் தனிப்பொருளாக இருந்த நிலை மாறி, ஒரே அளவுப் பாதையில் விருத்தி செய்யக்கூடிய தொகுதியாக வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலாகும். ஜேர்மனியிலுள்ள மேர்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் நகரச் சந்தையில் இத்தகைய தொகுதியைக் காட்சிக்கு வைத்தது. இங்கிலாந்தில், மெக்கானோ என்னும் கட்டுமான விளையாட்டுக் கருவியைப் படைத்த பிராங்க் ஹோர்ண்பி 1920இல் தம் பெயரால் மாதிரிப் புகையிரதங்களை வெளியிடத் தொடங்கினார். இவை லிவர்பூல் நகரின் பின்ஸ் வீதித் தொழிற்சாலையில் உருவாயின. பெரும்பாலும் தகரத்தால் ஆனவை. பலவும் சாவி கொடுத்தால் ஓடுபவை. ஹோர்ண்பி 1936இல் மறைந்தார். அதற்கு இரண்டாண்டின் பின், 1938இல், அந்நிறுவனம் ‘ஹோர்ண்பி டப்லோ’ என்னும் சிறிய தொகுதியை வெளியிட்டது. போரின் பின் றையாங் என்னும் நிறுவனம் பிளாத்திக்கு உடல் கொண்ட மலிவான இயந்திரங்களால் அதற்குப் போட்டியாயிற்று. 1964இல் மெக்கானோ நிறுவனம் றையாங்கின் உரிமையாளரான லைன்ஸ் சகோதரர் வசமாயிற்று. எம் தகரப் பேணியில் இருந்த மூன்றும் இம்மூவகைக்கும் ஒவ்வொன்றாக அமைந்திருந்தன.

இனங்காணும் முறை

இனங்காணலில் முதற்கண் அளக்கவேண்டுவது சில்லுகளின் இடையகலம். தண்டவாளங்களுக்கு இடையே 32 மில்லிமீற்றர் கொள்வது ‘ஓ’ வகை, 16.5 மில்லிமீற்றர் கொள்வது ‘ஓஓ’ வகையும் ‘எச்ஓ’ வகையுமாம். இப்பிந்திய இரண்டுக்கும் பாதை ஒன்றே; உடல் அளவு வேறு. எச்ஓ வகை உண்மையான இயந்திரத்தின் 87இல் ஒரு பங்கு. ஓஓ வகை 76இல் ஒரு பங்கு, அதாவது ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர். பிரித்தானிய இயந்திரங்கள் ஐரோப்பிய இயந்திரங்களினும் ஒடுங்கியவை. 87இல் ஒரு பங்காகக் குறுக்கினால் அக்காலத்து மோட்டார் அவற்றுள் அடங்காது. ஆகவே உடலைச் சற்றே பெருப்பித்துப் பாதையை அவ்வாறே விட்டனர். கணக்கிட்டுப் பார்ப்பின், பிரித்தானியாவின் 4 அடி 8½ அங்குலப் பாதை ஓஓ அளவில் ஏறக்குறைய 18.8 மில்லிமீற்றராக இருத்தல் வேண்டும், 16.5 மில்லிமீற்றரோ 4 அடி 1½ அங்குலத்துக்கே ஒக்கும். நம் நாட்டின் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம். அதனை அதே அளவில் அமைப்பின் 22 மில்லிமீற்றர் வேண்டப்படும். மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்த்தல் நன்று.

இரண்டாவது, சில்லுகளை எண்ணுதல். முன்னே தாங்கும் சில்லுகள், நடுவே இழுக்கும் சில்லுகள், பின்னே தாங்கும் சில்லுகள் என மூன்று எண்களாக எழுதுதல் வழக்கம். அமெரிக்கரான வைற் என்பார் வகுத்த இம்முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்தது. இலங்கைப் புகையிரதப் பகுதியில் ஓடிய பி1 வகை இயந்திரம் 4-6-0 என்று குறிக்கப்படும்: முன்னே நான்கு, நடுவே ஆறு, பின்னே இல்லை. எமக்குக் கிடைத்த கரிய இயந்திரம் 0-6-2. அதன் இரு பக்கமும் நீர்த்தொட்டி இருந்தது; தனியே கரிவண்டி இல்லை. இத்தகையது தொட்டி இயந்திரம் எனப்படும். டப்லோத் தொகுதியின் 0-6-2 தொட்டி இயந்திரம், கிறெஸ்லி வகுத்து 1920ஆம் ஆண்டு முதல் உருவாக்கப்பட்ட என்2 வகையைத் தழுவியது. என்2 இயந்திரங்கள் 107 கட்டப்பட்டன. இலண்டன் கிங்ஸ் குறொஸ் நிலையத்திலிருந்து அயலூர்களுக்குப் பயணிகளை இழுத்துச் செல்வதே அவற்றின் தலையாய தொழில்.

மூன்றாவது, எண். இதுவே காலங் காட்டுவதில் வலிமை மிக்கது. பிரித்தானியப் புகையிரதக் கம்பனிகள் 1923இல் நான்கு பெருங்கம்பனிகளாக ஒன்றுசேர்க்கப்பட்டன. அந்நான்கும் 1948 ஜனவரி முதலாந் திகதி தேசிய உடைமையாயின. அப்போது ஒரே எண் இரண்டு இயந்திரங்களுக்கு அமையாவண்ணம், பழைய எண்களோடு ஒரு தொகை கூட்டப்பட்டது. மேற்குக் கம்பனியின் எண்கள் மாற்றமின்றி விடப்பட்டன. தென்பகுதிக் கம்பனிக்கு 30,000. மிட்லண்ட் ஸ்கொட்டிஷ் கம்பனிக்கு 40,000. வடகிழக்குக் கம்பனிக்கு 60,000 கூட்டப்பட்டன. ஆகவே 6இல் தொடங்கும் ஐந்திலக்க எண்ணைக் கண்டால், அது பெரும்பாலும் வடகிழக்குக் கம்பனியின் மரபினது என்றும், அவ்வெண் 1948க்கு முன் எழுதப்பட்டிருத்தல் இயலாது என்றும் துணியலாம்.

நான்காவது, கொளுவி. போருக்கு முந்திய டப்லோ வண்டிகள் தட்டையான உருக்குக் கொளுவியால் இணைக்கப்பட்டன. போரின் பின் வந்தவை தாமே கொளுவிக்கொள்ளும் வேறு வகைக் கொளுவி உடையவை. ஐந்தாவது, மின் பெறும் வகை. 1959ஆம் ஆண்டு வரை டப்லோ இயந்திரங்கள் நடுத் தண்டவாளம் ஒன்றைச் சேர்த்து மூன்று தண்டவாளங்களில் ஓடின. அவற்றின் அடியில் நடுத் தண்டவாளத்தைத் தடவும் தகடு இருக்கும். சில்லுகள் முழுவதும் உலோகமாயிருக்கும். அவ்வாண்டில் வந்த இரு தண்டவாள முறையில், ஒரு பக்கத்து மின் மறுபக்கம் பாயாதவாறு சில்லுகள் காவலிடப்பட்டன.

இவற்றுள் ஒரு சான்றை மாத்திரம் கொண்டு முடிவு கட்டுதல் தவறு. உடலைக் கழற்றி வேறோர் அடிச்சட்டத்தில் பூட்டுதல் எளிது. ஏட்டுச்சுவடியில் ஓர் ஏடு வேறு சுவடியிலிருந்து வந்து புகுந்தாற் போன்றது அது. உடலும் அடிச்சட்டமும் ஒரே செய்தியைச் சொல்கின்றனவா என்று ஒத்துநோக்குதல் வேண்டும்.

யாம் செய்த பிழை

இவ்வொழுங்கெல்லாம் பின்னர்க் கற்றவை. தொடக்கத்தில் யாம் செய்தது வேறு. கரிய இயந்திரத்தின் பக்கத்திற் படிந்திருந்த அழுக்கைக் கண்டு, ஆய்வுகூடத்திலிருந்த மதுசாரத்தைப் பஞ்சில் தோய்த்து ஒருமுறை துடைத்தோம். அழுக்கோடு எண்ணும் வந்துவிட்டது. பஞ்சிற் பொன்னிறக் கறை கண்டபோதே பிழையை உணர்ந்தோம். அவ்வெண்ணும் சின்னமும் ஒட்டுப்படத்தால் இடப்பட்டு மேலே மெல்லிய மெருகெண்ணெய் பூசப்பட்டவை. மதுசாரம் அம்மெருகைக் கரைக்கும் என்பதை அதன் முன் யாம் ஆராய்ந்திலேம். அருகில் நின்ற மாணவன் ஒருவன், “சேர், மற்றப் பக்கத்தைத் துடைக்க வேண்டாம்” என்று மெல்லச் சொன்னான். அன்று ஆசிரியன் அவனே.

மற்றப் பக்கத்தை இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சினால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். உருப்பெருக்கிக் கண்ணாடியிற் பார்த்தபோது 69567 என்னும் எண் தெளிவாயிற்று. தொட்டியின்மேல் சில்லொன்றன்மீது நிற்கும் சிங்கச் சின்னமும் தெரிந்தது. தேசிய உடைமையாகிய பிரித்தானியப் புகையிரதத்தின் முதற் சின்னம் அது. 60,000ஐக் கழிப்பின் 9567. அது வடகிழக்குக் கம்பனியின் என்2 வரிசையில் அடங்கும் எண். கொளுவியும் பிற்கால வகையினதே. உடலும் அடிச்சட்டமும் ஒரே சொல் சொல்லின: இவ்வியந்திரம் 1938ஆம் ஆண்டினதன்று, 1948க்குப் பிந்தியது.

இரு பக்கத்தையும் துடைத்திருந்தால் இவ்வுண்மையை அறியும் வழி பெரிதும் அடைபட்டிருக்கும். ஆயினும் அறிந்தமையால் எமக்கு உண்டானது மகிழ்ச்சியன்று, சங்கடமே. கண்காட்சிச் சீட்டில் 1938 என்று எழுதுமாறு கேட்டவர் தந்தையை இழந்த மகனார். அவர்தம் குடும்பத்து நினைவைப் பொய்யென்று எழுதுவதா, மெய்யல்லாததை மாணவர் முன் மெய்யென்று எழுதுவதா என்று சில நாள் தயங்கினோம்.

செப்பனிடும் முறை

இதற்கிடையில் செப்பனிடும் வேலை நடைபெற்றது. அதன் ஒழுங்கினைச் சுருக்கிக் கூறுவோம்.

பழைய மின் இயந்திரத்துக்கு உடனே மின் பாய்ச்சலாகாது. நெடுங்காலம் கிடந்த எண்ணெய் பிசினாக இறுகி அச்சுகளைப் பற்றியிருக்கும். முதலிற் சில்லைக் கையால் மெல்ல அசைத்துப் பார்த்தல் வேண்டும். அசையாவிடின் வலிந்து திருகாது, இறுகிய எண்ணெயை இளக்கி நீக்குதல் வேண்டும். அடுத்து, மோட்டாரின் திசைமாற்றியைச் சோதித்தல். இது செம்புத் துண்டுகள் மூன்றால் ஆனது. துண்டுகளுக்கு இடையேயுள்ள பிளவுகளில் காபன் தூள் அடைத்துக்கொண்டால், மின் சுருளினூடே செல்லாது குறுக்கே பாயும். மரக்குச்சியின் நுனியால் அத்தூளை நீக்கலாம். ஊசி கொண்டு கீறலாகாது. காபன் தூரிகைகள் தேய்ந்து குறுகியிருப்பின் மாற்றுதல் வேண்டும். பின்னர்ப் பல்மானி கொண்டு செம்புத் துண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தடையை அளத்தல் வேண்டும். மூன்று அளவும் ஒத்திருப்பின் சுருள்கள் நலமுடையன. ஒன்று மாத்திரம் வேறுபடின் அச்சுருளில் அறுப்போ குறுக்குத் தொடுப்போ உண்டு என்க.

எம் இயந்திரத்தில் மூன்றும் ஒத்தன. பௌதிக ஆய்வுகூடத்து மின்வழங்கியிலிருந்து ஒரு கம்பியை அடித்தகட்டிலும் மற்றதைச் சில்லிலும் தொடுத்து 6 வோல்ற்று கொடுத்தோம். முதலில் முனகிற்று, பின் சுழன்றது. மூன்று தண்டவாளப் பாதை எம்மிடம் இல்லாமையால், இயந்திரத்தை மல்லாக்க வைத்தபடியே சில்லுகள் சுழலக் கண்டோம். சுழற்சி விரைவாயிருந்தது, ஆனால் விரல் வைத்தவுடன் நின்றது, மோட்டாரும் விரைவிற் சூடேறிற்று. காந்தம் வலுவிழந்தமைக்கு இவை அறிகுறிகள். காந்தப்புலம் குன்றினால், மோட்டார் தன்னை எதிர்க்கும் மின்னழுத்தத்தை ஆக்குவதற்கு மிக விரைந்து சுழல வேண்டியிருக்கும். சுமையிழுக்கும் ஆற்றலோ குறையும். மின் மிகுதியாகச் செல்வதால் வெப்பம் உண்டாகும். ஆமேச்சரை இரும்புத் துண்டு ஈடுவையாது கழற்றுவதாற் பழைய காந்தங்கள் இவ்வாறு வலுவிழப்பதுண்டு. மோட்டாரைக் காரணமின்றிப் பிரிக்கலாகாது என்பது இதனாற் பெறப்படும். இக்காலத்தில் நியோடிமியக் காந்தத் துண்டுகளை இட்டு வலுவேற்றுவோர் உளர். எம் இயந்திரம் வண்டி இழுக்கவேண்டிய தேவை இன்மையால் உள்ளது உள்ளபடியே விட்டோம்.

பிளாத்திக்கு உடல் கொண்ட றையாங் இயந்திரம் 47606 என்னும் எண்ணுடையது. 4இல் தொடங்குவதால் அதன் மரபு மிட்லண்ட் ஸ்கொட்டிஷ் கம்பனி என்பது வெளிப்படை. தூரிகையைத் தாங்கும் கம்பிகளுள் ஒன்றில் இருக்கவேண்டிய காவற்குழாய் உதிர்ந்திருந்ததே அதன் குறை. சிறு குழாய்த் துண்டொன்று செருகியதும் ஓடிற்று.

மூன்றாவது, சாவி கொடுக்கும் ஓ வகைத் தகர இயந்திரம். மற்ற இரண்டினும் எளியது. வண்ணம் உரிந்து, மிட்லண்ட் ஸ்கொட்டிஷ் கம்பனியின் மூன்றெழுத்து மாத்திரம் எஞ்சியிருந்தது. இத்தகையதில் முதல் எச்சரிக்கை, சுருள்வில்லின் இறுக்கத்தை முழுவதும் தளர்த்தாது சட்டத்தைத் திறவாமை. இறுகிய வில் விரலைக் கிழிக்கும். அதன் சில்லுகளே எமக்குப் பெரும் பாடமாயின. அவை வார்ப்பு நாகத்தால் ஆனவை. மேற்பரப்பெங்கும் வலை போன்ற வெடிப்புகள். ஒரு சில்லு தொட்டமாத்திரத்தில் உதிர்ந்தது.

கறள் போன்று வெளியிலிருந்து உட்செல்லும் நோயன்று இது. நாகத்தோடு ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியம் சேர்த்து வார்க்கும் கலப்புலோகத்தில், ஈயமோ வெள்ளீயமோ கட்மியமோ சிறிதளவு கலந்துவிட்டாலும், பல்லாண்டு கழிந்தபின் உலோகமணிகளின் எல்லை வழியே அரிப்புப் பரவும். பொருள் வீங்கும், வளையும், வெடிக்கும், ஈற்றில் பொடியாகும். வெப்பமும் ஈரமும் இதனை விரைவுபடுத்தும். ஆகவே நம் நாட்டில் இத்தகைய பொருள்களை உலர்ந்த இடத்தில் வைத்தல் மிக வேண்டப்படும். மாற்றும் மருந்து இல்லை. 99.99 சதவீதம் தூய நாகத்தைக் கொண்டு வார்க்கும் கட்டுப்பாடு வழக்குக்கு வந்தபின் இந்நோய் பெரிதும் அருகிற்று. ஹோர்ண்பிப் பொருள்களில் இது மிகுதியாகக் காணப்படுவது போருக்கு முந்திய வார்ப்புகளிலேயாம்.

நோயே சான்றாதல்

இவ்விடத்திலே தான் எம் சங்கடத்துக்கு விடை கிடைத்தது. குடும்பத்தார் சொன்ன 1938 என்னும் ஆண்டு, அழகிய கரிய இயந்திரத்துக்குப் பொருந்தவில்லை. அதே பேணியிற் கிடந்த உதிரும் சில்லுடைய தகர இயந்திரத்துக்கோ நன்கு பொருந்துகின்றது. அதன் மூன்றெழுத்து 1948க்கு முந்திய கம்பனியினது. அதன் சில்லின் நோய் போருக்கு முந்திய வார்ப்பினது. எழுத்து மாத்திரமாயின் ஐயத்துக்கு இடமுண்டு. போரின் பின்னும் பழைய எழுத்துடைய விளையாட்டு இயந்திரங்கள் விற்கப்பட்டன. எழுத்தும் நோயும் சேர்ந்தவழி, போருக்கு முந்தியதாதல் பெரும்பாலும் உறுதியாகின்றது.

மகனார் கண்காட்சிக்கு முன்னாளில் வந்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியை அவர் கையிற் கொடுத்து, எண்ணை அவரே வாசிக்குமாறு விட்டோம். 60,000 கூட்டிய செய்தியைச் சொன்னோம். எம் பிழையால் அழிந்த பக்கத்தையும் மறையாது காட்டினோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு தகர இயந்திரத்தை எடுத்து நெடுநேரம் பார்த்தார். “அப்பா இதைத்தான் சொல்லியிருப்பார். வடிவானது அதுதானே என்று நாங்கள் எண்ணிவிட்டோம்” என்றார்.

பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தோர் கண்ட அனுபவமும் இதுவே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றிய காலத்து, தொட்டால் ஒடியும் ஏடுகளோடு போராடினார்கள். பாடம் ஒன்று பொருந்தவில்லையெனில் அதனைப் பொய்யென்று வெட்டிவிடுதலும், தம் சொல்லை இட்டு நிரப்புதலும் பதிப்பாசிரியர்க்கு அடாத செயல். எவ்விடத்துக்கு உரியது என்று தேடுதலே முறை. குடும்பத்தார் வைத்திருந்த பாடம் பிழையன்று. அது சேர்ந்திருந்த இடமே பிழை.

உதிர்ந்த சில்லைக் குப்பையென எறிந்து, இங்கிலாந்திலிருந்து இன்றும் பெறக்கூடிய புதுவார்ப்புச் சில்லுகளைப் பூட்டி, மேலே வண்ணமும் பூசியிருப்போமாயின் இத்தேற்றம் கிட்டியிராது. அவ்வாறு செய்யவேண்டும் என்று மாணவர் சிலர் விரும்பவும் செய்தனர். இப்போது அத்துண்டுகள் ஒரு கடிதவுறையில், எந்த இயந்திரத்தின் எச்சில்லு என்று எழுதப்பட்டு, இயந்திரத்தின் அருகே அலுமாரியில் உள்ளன. கரிய இயந்திரத்தின் சீட்டில், 1948க்குப் பிந்தியது என்பதோடு, அழிந்த எண் யாரால் எவ்வாறு அழிந்தது என்பதும் எழுதப்பட்டுள்ளது. தகர இயந்திரத்தின் சீட்டில், குடும்பத்தார் நினைவு 1938 என்றும், பொருளிற் காணும் சான்று அதற்கு இயைகின்றது என்றும் இருவரி எழுதினோம்.

மாணவர் மனத்திற் கொள்ளவேண்டுவன இவை: முதலில் அளந்து எழுதுக, பின்னர்த் தொடுக. ஒரு சான்றைப் பிறிதொரு சான்றோடு ஒத்துநோக்குக. துடைக்குமுன் மறைவான ஓரிடத்திற் சோதித்துப் பார்க்க. கழற்றியதை எறியற்க. பூட்டுவது மீளக் கழற்றத்தக்கதாக இருக்க. செய்த பிழையையும் குறித்து வைக்க.

பழைய மாணவர்களாகிய பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லங்களிற் பெட்டிகளின் அடியில் இத்தகைய பொருள்கள் கிடத்தல் கூடும். துலக்காது, அழுக்கோடும் உதிர்ந்த துண்டோடும் அப்படியே கழகத்துக்கு அனுப்புங்கள். அவற்றோடு நீங்கள் கேட்டறிந்த கதையையும் எழுதி வையுங்கள். அக்கதை எப்பொருளுக்கு உரியது என்பதை உங்கள் கல்லூரியின் இன்றைய மாணவர் பொறுமையோடு ஆராய்ந்து காண்பர். மூன்று தண்டவாளப் பாதை எவரிடமேனும் இருப்பின் அதனையும் மறவாது அனுப்புங்கள். கரிய இயந்திரம் மல்லாந்தபடியே சுழன்றுகொண்டிருக்கின்றது.